இடது கிராங்க்

வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்று, மாடியில் இருந்த குழாய்களை எல்லாம் வீட்டுக்கார அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். “தண்ணி வரும்னு வாயில சொன்னாப் போதுமுங்களா? பாத்துக்கோங்க” என்றார். நம்புகிறோம் என்று நாங்கள் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. என் மனைவியை இரும்பு ஏணியில் ஏறச் சொல்லி, தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வைத்தார். அவள் மூடியைத் திறந்து பார்த்து, “சுத்தமா இருக்குதுங்க்கா” என்று மேலிருந்து குரல் கொடுத்த பிறகுதான் வாடகைப் பேச்சையே எடுத்தார். நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, “சாமானம் கொண்டாந்ததும் உங்க கேஸ் அடுப்ப ஒருக்கா எனக்குக் காட்டிப்போடுங்க கண்ணு. டியூப்பு பழசா இருந்தா மாத்திட்டுத்தான் பத்த வெக்கோணும்” என்று என் மனைவியிடம் சொன்னார்.

சொன்னபடியே வந்து பார்த்தார். டியூப் பழசாகத்தான் இருந்தது.

சிங்காநல்லூரில் குளத்துக்குப் போகிற வழியில் அந்த வீடு. கீழே அக்காவும் அவர் வீட்டுக்காரரும், மாடியில் நாங்கள். கீழ்வீட்டில் விடிவதற்கு முன்பே இரண்டு கிரைண்டர்கள் ஓடத் தொடங்கிவிடும். அக்கா இட்லி மாவு அரைப்பார். அவர் வீட்டுக்காரர் அதைக் கேன்களில் ஊற்றி, சைக்கிளில் கட்டி, டிபன் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் “மாவு ஊடுங்களா?” என்று வழி காட்டுவார்கள்.

எதையும் கண்ணால் பார்க்காமல் அக்கா ஒப்புக்கொண்டதில்லை. ஒரு தடவை கிரைண்டர் நின்றுபோனது. ரிப்பேர் பார்க்க வந்தவர் மோட்டாரில் காயில் கருகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். “கழட்டிக் காட்டுங்க” என்றார் அக்கா. அவர் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். கருத்துக் கிடந்த கம்பிச் சுருளை அக்கா விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். “ம். இப்பச் செரி. மாத்துங்க.” முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனபோதும் அப்படித்தான். தேய்மானம் என்று அவர் சொன்னதும், “எந்த எடத்துலீங்க?” என்று எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லி, இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் இடைவெளி குறைந்திருப்பதைப் பார்த்த பிறகே மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

ஒரே மகளின் கல்யாணப் பேச்சை அவரே எங்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீடு ஈரோட்டில். கோடையிலும் வற்றாத போர்வெல் இருக்கிறது என்று அவர்கள் பெருமையாகச் சொன்னார்களாம். காபி வந்தது. அக்கா டம்ளரைத் தொடவில்லை. “போரு ஓடறத ஒருக்காப் பாத்துட்டுக் குடிக்கறனுங்க.” வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையே எழுந்து போய் மோட்டாரைப் போட்டிருக்கிறார். கொட்டுகிற தண்ணீரில் கையை நனைத்துவிட்டு வந்துதான் அக்கா காபியைக் குடித்தார். “சம்பந்தியம்மா மூஞ்சி சுருங்கிப்போச்சு. இருந்தா இருக்கட்டும். எம் பொண்ணு கொடந் தூக்கிட்டு அலையாம இருக்கறாளா இல்லியா?”

அவர் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் “அப்புடீங்களா, செரீங்க” என்று நம்பிவிடுவார். மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடப்போவதில்லை என்று மேனேஜர் சொன்னதைக் கடைசி நாள் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாராம். எந்தப் பொருளையும் மாற்றுவது அவருக்குப் பிடிக்காது. ஒழுகும் குழாய்க்கு சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றுவார். குடைக்கம்பி முறிந்தால் கட்டுக்கம்பியால் கட்டுவார். “ஓடற வரைக்கும் ஓடட்டுமுங்க தம்பி” என்பார். ஒட்டுப்போட்டது எதையும் அக்காவிடம் சொல்லமாட்டார். சொன்னால் கழற்றிக் காட்டு என்று நிற்பார் என்று அவருக்குத் தெரியும்.

அந்த சைக்கிள், மகள் பள்ளிக்கூடம் போக வாங்கிய லேடீஸ் சைக்கிள். கல்யாணமாகி அவள் போனதும் பின்னால் பெரிய கேரியர் போட்டு மாவு வண்டியாக மாற்றிவிட்டார்கள். பெரும்பாலும் அவர்தான் ஓட்டுவார். அவர் வெளியூர் போகும் நாட்களில் அக்காவே கேனைக் கட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, மிதித்துப் போவார். டயரோ செயினோ தேய்ந்தால், ரோட்டோரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாயிடம் வண்டியைக் கொண்டுபோவதும் அக்காதான். பாய்க்கு அவர் வழக்கம் பழகிவிட்டது. கழற்றிய சாமானைக் கேட்பதற்கு முன்பே ஒரு பழைய பேப்பரில் அவர் முன்னால் பரப்பி வைத்துவிடுவார். அக்கா கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். “தேஞ்சுதான் போச்சு. மாத்துங்க பாய்.”

அந்த வீட்டை விட்டு நாங்கள் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. இன்னமும் என் மனைவி, மிக்ஸி ரிப்பேருக்கு யார் வந்தாலும், கழற்றியதைக் காட்டச் சொல்லித்தான் கேட்கிறாள். அப்படிக் கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. ஏனென்றால், அக்காவால் பார்க்க முடியாமல் போன ஒன்று, அந்த வீட்டில் நாங்கள் இருந்தபோதுதான் நடந்தது.

கொரோனா இரண்டாவது முறை வந்து ஊரையே சுருட்டிய சமயம். முதலில் அக்கா வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், அடுத்த நாளே அக்காவுக்கும். அக்காவுக்கு லேசாக வந்து நின்றுவிட்டது. அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஆம்புலன்ஸ் வந்தது. தானே நடந்து போய் ஏறிக்கொண்டார். அக்கா கூடப் போகக் கூடாது என்றுவிட்டார்கள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவிடம், “வந்தர்றேன்” என்று கையைக் காட்டினார். ஓரிரு நாள் போனில் பேசினார். பிறகு போனை எடுக்கவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து மருமகனுக்குத்தான் தகவல் வந்தது.

ஈரோட்டிலிருந்து மருமகன் வந்தார். துணைக்கு நான் போனேன். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே பேர் எழுதிய ஒரு சீட்டை ஒட்டி, வண்டியில் ஏற்றினார்கள். மின்மயானத்திலும் திறக்கவில்லை. தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“தம்பி, மூஞ்சியப் பாத்தீங்களா?”

“இல்லீங்க்கா. யாருக்கும் காட்டலீங்க.”

மருமகனுக்கு மனசு கேட்கவில்லை. “நான் பாத்தனுங்க அத்தை. ஒரு நிமிசம் தெறந்து காட்டுனாங்க” என்றார்.

“வாயி தெறந்திருந்துச்சா?”

“லேசா.”

“எந்தப் பல்லு இல்ல?”

மாமனாருக்கு ஒரு பல் இல்லை என்பதே தெரியாத மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் கணக்கில் அவர் வீட்டுக்காரர் இறக்கவில்லை. அழவில்லை. சடங்கு எதற்கும் சம்மதிக்கவில்லை. நெற்றிக் குங்குமம் அப்படியே இருந்தது. “சீட்டுல பேரு மாத்தி ஒட்டிருக்க மாட்டாங்களா? டிவியில காட்டலியா?” என்று சொந்தக்காரர்களைக் கேட்டார். அந்த நாட்களில் அப்படிச் செய்திகள் வரத்தான் செய்தன. உடம்பு தேறியதும் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தார். திரும்பத் திரும்பப் போனார். வாசலில் இருந்த செக்யூரிட்டிக்கு அவர் முகம் பழகி, உட்கார நாற்காலி போடும் அளவுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த வார்டில் அப்போது இருந்தவர்கள் எங்கெங்கோ மாறிப்போயிருந்தார்கள். மாவு அரைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. கேன்களைக் கடைக்காரர்களே வந்து எடுத்துப் போனார்கள். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் இரவல் கேட்டதற்கு, “அவரு வந்தா வேணுமுங்க” என்றார் அக்கா. கேட்டவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வருஷத் திதி நெருங்கியது. மகள் ஈரோட்டிலிருந்து வந்தாள். மாடியில் இருந்த எங்களுக்குக் கேட்கும்படியாகச் சண்டை நடந்தது.

“எல்லாரும் பைத்தியம்ங்கறாங்கம்மா.”

“சொல்லட்டும்.”

“எங்கப்பனுக்கு ஒரு வாய்ச் சோறு வெக்கக்கூட உடமாட்டீங்கறீங்களே! நான் அழுவக்கூட முடியல. அழுதா, உசுரோட இருக்கறவருக்கு ஏன்டி அழுவறேன்னு வையறீங்க.”

“உசுரோட இருக்கறவருக்குச் சோறு வெச்சா, அது பாவம் கண்ணு. யாராச்சும் பாத்தன்னு சொல்லட்டும். நானே எலை போடறேன்.”

மகள் பையைத் தூக்கிக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். அக்கா வெகுநேரம் கேட்டிலேயே நின்றார். அவர் பிடிவாதத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அவர் நின்ற நிலையைப் பார்த்தபோது அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அதற்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வந்து கேட்டைத் தட்டினார். அறுபதை ஒட்டிய வயது, வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. நான்தான் இறங்கிப் போனேன்.

“ஏனுங்க, மாவு ஊடு இதானுங்களா?”

“ஆமாங்க.”

“இங்கொரு லேடீஸ் சைக்கிள் இருந்துச்சாமே. அத யாரும் ஓட்டலீங்களே?”

பழைய சாமான் வாங்குகிறவர் என்று நினைத்து, விற்பனைக்கு இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “வாங்க வல்லீங்க. சொல்லீட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

அவர் காங்கேயத்துக்காரர். கொப்பரை காயப்போடும் களத்தில் வேலை. அந்த ஆஸ்பத்திரியில் அக்கா வீட்டுக்காரருக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர். பிழைத்து வீட்டுக்குப் போனாலும், மாதக்கணக்கில் வாசல் தாண்ட முடியவில்லை. இப்போது நெஞ்சுக்குச் சோதனை செய்துகொள்ளக் கோயமுத்தூர் வந்தவர், சிங்காநல்லூரில் பஸ் இறங்கி, மாவு ஊடு எது என்று கேட்டுக்கேட்டு வந்திருக்கிறார்.

அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். முதல் கேள்வியே அதுதான்.

“எந்தப் பல்லு இல்லைன்னு பாத்தீங்களா?”

“பல்ல எங்கீங்க பாத்தேன்? எந்நேரமும் ஆக்சிஜன் மாஸ்க்குங்க. ரெண்டு பேருக்குந்தான்.”

பார்க்காததைப் பார்த்தேன் என்று அவர் சொல்லவில்லை. அக்கா ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தார். “அந்த வார்டுல அத்தன பேரு இருந்திருப்பாங்க. நீங்க வேற யாரையோ நெனைச்சுட்டு வந்திருக்கறீங்க.”

“இருக்கலாமுங்க. ஆனா அவரு ஒண்ணு சொல்லி உட்டாருங்க. சொல்லிப்போட்டு நான் போயர்றேன்” என்று அவர் ஆரம்பித்தார். “சைக்கிள்ல பெடலு மாட்டியிருக்கற எடது கிராங்கு ஆடுச்சாமா. கிராங்கு ஓட்டை தேஞ்சு பெருசானதுல, புதுப் பின்னு அடிச்சும் நிக்கலியாமா. பெயிண்டு டப்பா மூடியில ஒரு தகரத் துண்ட வெட்டி, பின்னோட சேத்து அடிச்சு நிறுத்தி வெச்சிருக்கறாராமா. ‘எங்கூட்டுல கேட்டதுக்கு, நல்லாத்தான் இருக்குதுன்னு பொய் சொல்லிப்போட்டனுங்க. தகரம் ரொம்ப நாளைக்குத் தாங்காது. கேனக் கட்டிட்டு மேட்டுல எந்திரிச்சு மிதிச்சான்னா, கிராங்கு வழுக்கி, லாரிக்கு முன்னால உளுந்துருவா. போன்ல சொன்னா வைவா, நேர்ல போயி மொள்ளச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்’னு சொன்னாரு. மூச்சு முடியாமப் போனப்பொறகு, எங் கையப் புடிச்சுட்டு, நீங்க போய்ச் சொல்லீருங்கன்னாருங்க. எனக்கு இத்தன நாளும் அதே நெனப்புத்தான். அந்தம்மா ஓட்டிருப்பாங்களோ, உளுந்திருப்பாங்களோன்னு.”

அக்கா எழுந்து போய், மாடிப்படிக்குக் கீழே இருந்த சைக்கிளை இழுத்தார். டயர்கள் இரண்டும் காற்றிறங்கித் தரையோடு கிடந்தன. அப்படியே தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். நான் ஓடிப்போய்ப் பின்னால் தூக்கிப் பிடித்தேன். காங்கேயத்துக்காரர் மெதுவாக எங்கள் பின்னால் வந்தார்.

பாய் கடையில் அப்போது வேறு ஆள் இல்லை. “பாய், எடது கிராங்கப் பாருங்க” என்றார் அக்கா.

பாய் வண்டியை நிறுத்தி, இடது கிராங்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். அசையவில்லை. இன்னொரு தடவை பலமாக ஆட்டினார். “ஆடலியே அக்கா. நல்லாத்தான இருக்கு.”

அக்கா திரும்பிக் காங்கேயத்துக்காரரைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. “அவரு சொன்னதத்தாங்க நான் சொன்னேன்” என்றார்.

“கழட்டுங்க பாய்” என்றார் அக்கா.

கிராங்கையும் அச்சையும் பிணைத்திருக்கும் பின்னின் நட்டை பாய் கழற்றினார். கிராங்குக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, பின்னின் முனையில் சுத்தியலால் அடித்தார். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு மறுபடி அடித்தார். நாலைந்து அடிக்குப் பின் அது தெறித்துக் கீழே விழுந்தது. கூடவே நகத்தளவு அகலத்தில், வளைந்து நசுங்கிய ஒரு தகரத் துண்டும் விழுந்தது.

அக்கா குனிந்து அதை எடுத்துப் புடவையில் துடைத்தார். ஒரு பக்கம் துரு. மறுபக்கம் பச்சை. அவர் வீட்டுக்காரர் எங்கள் கேட்டுக்கு அடித்த அதே பச்சை.

பாய் இதைக் கவனிக்கவில்லை. வழக்கம்போலப் பேப்பரை விரித்து, அச்சு, அது சுழலும் கப், இரும்புக் குண்டுகளான பால்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். “பாருங்கக்கா, ஆக்சில்ல பால்ஸ் ஓடுற எடம் பூரா குழி குழியா இருக்கு. கப்பும் அப்பிடித்தான். கிராங்கு ஓட்டை முட்டை மாதிரி ஆயிருச்சு. நல்ல வேளை, யாரும் ஓட்டல. எல்லாமே மாத்தணும்.”

அக்கா பேப்பர் பக்கம் திரும்பவே இல்லை. “மாத்திப்போடுங்க பாய்” என்றார். அவர் பார்வை உள்ளங்கையில் இருந்த தகரத்திலேயே நின்றது. “எப்ப வெச்சாரு இத? கேட்டேன் தம்பி. சத்தம் வருதேன்னு எத்தன தடவ கேட்டேன். நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னே சொல்லிப்போட்டாரு...” என்று என்னிடம் கோபமாகத்தான் தொடங்கினார். பாதியில் குரல் உடைந்தது. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அந்த ஒரு வருஷத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். பாய் புது சாமான்களை எடுத்துக்கொண்டு வந்தவர், குனிந்து, கிரீஸ் தடவிக் கப்புகளை முடுக்கத் தொடங்கினார்.

அழுகை அடங்கியதும் அக்கா காங்கேயத்துக்காரரைப் பார்த்துக் கேட்டார். “அன்னிக்கு நீங்க பக்கத்துலதான் இருந்தீங்களா?”

“இருந்தனுங்க.”

“செரமப்பட்டாரா?”

“அதுக்கு மொத நாளு பட்டாருங்க. அன்னிக்குக் காலைல அமைதியாயிட்டாரு. நர்சம்மா வந்துதான் கண்ண மூடி உட்டாங்க. அந்தப் புள்ளையும் அழுதுச்சுங்க. நான் படுத்துட்டேதான் கும்புட்டுக்கிட்டேன்.”

“ஒத்தையில இல்ல.”

“இல்லீங்க. ஒத்தையில இல்லீங்க.”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் போனைக் கேட்டு வாங்கினார். மகளின் எண் அவருக்கு மனப்பாடம். பாய் புது கிராங்கை அச்சில் பொருத்தி, பின்னை நுழைத்து, சுத்தியலை எடுத்திருந்தார்.

“கண்ணு, நாந்தான். சித்தெ நேரம் கேளு.” அக்கா நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டார். “அப்பா எறந்துட்டாரு கண்ணு.”

ஒரு வருஷமாக இதைத் தெரிந்து வைத்திருந்த மகள், இப்போதுதான் கேள்விப்பட்டவள் போல அந்தப் பக்கத்தில் ஓவென்று கதறினாள். போனைக் காதில் வைக்காத எங்களுக்கே அது கேட்டது. அக்கா நிறுத்தச் சொல்லவில்லை. அவள் அழுது தீரும் வரை போனைக் காதிலேயே பிடித்திருந்தார்.

“ஊட்டுக்கு வந்துரு. மாப்பளையும் கூட்டியா. அப்பாவுக்கு எலை போடோணும்” என்றார் பிறகு. “இரு, ஒருத்தரு பேசுவாரு. அவருதான் பாத்தாரு.”

போனைக் காங்கேயத்துக்காரரிடம் நீட்டினார். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

“அம்மணி, நான் காங்கேயத்துக்காரனுங்க. உங்கப்பாவுக்குப் பக்கத்துக் கட்டலு. சொல்றனுங்க, மொதல்ல இருந்து சொல்றேன்” என்று மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

பாய் ஓங்கிய சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.